எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

மனித உருவம் வரையப் பழக எந்தப் புத்தகம் நல்லது என்ற கேள்வி கொழும்பிலோ சென்னையிலோ எழுந்தால், கடைக்குப் போய் நாலைந்தைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கலாம். கடற்கரை ஊரான கதிரவெளியில் அது நடவாது. மட்டக்களப்பு நகரம் அறுபது கிலோமீற்றருக்கு மேல் தெற்கே கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் ஓர் ஆங்கிலச் சித்திரநூலின் விலையில் ஒரு வீட்டின் பல நாள் அடுப்பு எரியும். ஆகவே இங்கே ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகம் கிடைத்தாலே பெரிது. அந்த ஒன்று பிழைத்துப் போகக் கூடாது.

பலரும் முதலில் சொல்வது அன்ட்ரூ லூமிஸ் 1943இல் வெளியிட்ட உருவரை நூலை. தலையின் உயரத்தை அலகாக வைத்து அவர் உடலை அளக்கிறார்: சாதாரண மனிதன் ஏழரைத் தலை, இலட்சிய உருவம் எட்டு, வீர உருவம் ஒன்பது. இப்படி அளப்பது நமக்குப் புதிதல்ல. நம் சிற்ப மரபு முகத்தின் நீளத்தைப் பன்னிரண்டு சிற்ப அங்குலமாகக் கொண்டு, நவதாலம் என்னும் ஒன்பது முக அளவில் 108 அங்குலத்துக்கு உருவத்தை நிறுத்துகிறது. அளவு தெரிந்திருக்க வேண்டும். அதில் எமக்கு மறுப்பில்லை. ஆனால் லூமிஸ் அமெரிக்க விளம்பர உலகத்துச் சித்திரக்காரர். அவருடைய பெண்கள் உடையின்றி நிற்கும்போதும் பலர் காலில் குதியுயர்ந்த சப்பாத்து இருக்கும். பள்ளிப் பிள்ளையிடம் அதைக் கொடுக்க ஆசிரியர் தயங்கினால் அந்தத் தயக்கம் நியாயமானது. அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. அந்த நூலை மட்டும் பார்த்துப் பழகிய கை, கரைவலைக்காரரை வரையும்போதும் அகன்ற தோளும் எட்டுத் தலை உயரமும் கொண்ட ஓர் அமெரிக்கருக்குச் சாரம் கட்டிவிடுகிறது. எமது இதழுக்கு வரும் சித்திரங்கள் பலவற்றில் இதைக் காண்கிறோம். கோடு திறமானது, ஆள்தான் நம் ஊர் ஆள் இல்லை.

லூமிஸ் நியூயோர்க்கின் ஆர்ட் ஸ்டூடன்ட்ஸ் லீக்கில் ஜோர்ஜ் பிரிட்ஜ்மனிடம் படித்தவர். அதே பிரிட்ஜ்மனிடம் படித்த இன்னொருவர் கிமோன் நிக்கொலைடிஸ். அவர் 1938இல் இறந்த பின், 1941இல் 'தி நச்சுரல் வே டு ட்ரோ' என்ற அவருடைய நூல் வெளிவந்தது. ஒரே ஆசிரியரிடமிருந்து புறப்பட்ட இருவரும் எதிரெதிர்த் திசையில் போனார்கள். லூமிஸ் உடலைக் கட்டித் தருகிறார். நிக்கொலைடிஸ் உடலைப் பார்க்க அனுப்புகிறார். கதிரவெளிப் பிள்ளைக்கு ஒரே ஒரு புத்தகம் என்றால் நாம் நிக்கொலைடிசையே கொடுப்போம்.

அந்த நூல் பயிற்சிகளை, ஒவ்வொன்றும் பதினைந்து மணிநேர வேலை கொண்ட அட்டவணைகளாக அடுக்கியிருக்கிறது. ஓர் இடம் வரை வாசி, பிறகு மூடிவிட்டு வரை என்று கண்டிப்பாகச் சொல்கிறது. முதற் பயிற்சியில் கண் தாளுக்கு வரக் கூடாது. பென்சில் முனை எதிரே இருப்பவரின் தோளையோ விலாவையோ தொட்டுக்கொண்டு நகர்கிறது என்று நம்பி, கண்ணும் கையும் ஒரே வேகத்தில் மெல்ல ஊர வேண்டும். அடுத்ததில் ஒரு நிமிடத்துக்குள், சில வேளை அதற்கும் குறைவாக, உடம்பு என்ன வேலை செய்கிறது என்பதை ஒரே இழுப்பில் பிடிக்க வேண்டும். மூக்கும் விரலும் அப்போது வேண்டியதில்லை. இவற்றோடு தினம் ஒரு கால்மணி நேரம், கடந்த ஒரு நாளுக்குள் கண்ட காட்சி ஒன்றை நினைவிலிருந்து வரைய வேண்டும்.

நிக்கொலைடிசின் மாணவர்களுக்கு மேடையில் ஆள் நிறுத்த வேண்டியிருந்தது. கதிரவெளிக் கடற்கரையில் கரைவலை இழுபடும்போது கேளாமலே இருபது முப்பது பேர் வந்து நிற்கிறார்கள். கயிற்றைப் பிடித்தவரின் குதி மணலில் புதைகிறது, நாரி பின்னே சாய்கிறது, பிடரி வரை ஒரே வளைவு. கயிற்றை விட்டால் அவர் மல்லாக்க விழுவார். அந்த விழப்போகும் பாரம்தான் வரைய வேண்டியது. சண்டிக்கட்டுக் கட்டிய சாரத்துக்குக் கீழே கெண்டைக்கால் தெளிவாகத் தெரியும். இடுப்பில் குடம் ஏந்தி வரும் பெண்ணிடம் இடுப்பு ஒரு பக்கம் ஏறத் தோள் மறுபக்கம் சரிகிறது. கிரேக்கச் சிற்பிகளும் திரிபங்கம் சமைத்த நம் சிற்பிகளும் தேடிய நிலையும் இதுபோன்றதுதான். வெளியே போய் நின்று வரைய முடியாத பெண்பிள்ளைகளுக்குத் திருவலையில் இருந்து தேங்காய் திருவும் தாய் போதும்: மடங்கிய முழங்கால், முன்னே வளைந்த முள்ளந்தண்டு, இரு கைகளின் அழுத்தம். மட்டக்களப்பின் கூத்துக் களரிகளில் வடமோடி ஆட்டக்காரர் ஒரு நிலையில் எவ்வளவு நேரம் நிற்பார்? அவரைப் பிடிக்க ஒரு நிமிடப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை.

பார்த்து வரைவது உயர்வு, புத்தகத்தைப் பார்த்துப் பிரதி செய்வது தாழ்வு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1880இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் இருபத்தேழு வயது வின்சென்ட் வான்கோ சார்ள்ஸ் பார்க்கின் சித்திரப் பயிற்சித் தாள்களை இரவல் வாங்கி விடாமல் பிரதி செய்தார். கையில் காசில்லை, ஆசிரியர் இல்லை. அதே நாட்களில் வேலைக்குப் போகும் சுரங்கத் தொழிலாளரையும் வரைந்தார். பார்க்கின் தாள்களிலிருந்து கை பழகியது. கண் சுரங்கத்து ஆட்களிடம் பழகியது. ஒன்றை விட்டு மற்றதைச் செய்திருந்தால் நமக்கு அந்த வான்கோ கிடைத்திருக்க மாட்டார்.

இரண்டாவது புத்தகத்துக்கு வசதி வந்தால் அது பிரிட்ஜ்மன். விலாக்கூடு, இடுப்புக்கூடு, தலை ஆகியவற்றைத் திண்ணிய கட்டைகளாகக் கண்டு, ஒன்று மற்றொன்றில் எப்படி ஆப்பாக இறங்குகிறது என்று காட்டுபவர். 1920இலும் 1924இலும் வந்த அவருடைய நூல்கள் அமெரிக்காவில் பதிப்புரிமை நீங்கி இணைய ஆவணகங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. கைத்தொலைபேசியில் இறக்கி, தேவையான பக்கத்தை மட்டும் அச்செடுக்கலாம். துணிமடிப்புகளை ஏழு வகையாகப் பிரித்து அவர் எழுதியதையும் தேடிப் பாருங்கள். சேலையும் சாரமும் வரையும் நமக்கு அது தசைநார்ப் படங்களைவிடக் கூடுதலாக உதவும். தனக்கு வரையவே வராது என்று அஞ்சும் பிள்ளைக்கு பெற்றி எட்வேர்ட்சின் 1979ஆம் ஆண்டு நூல் நல்ல தொடக்கம். பேர்ன் ஹோகாத்தை இப்போது வேண்டாம் என்போம். டார்சான் சித்திரக்கதையை வரைந்த கை அது. ஓய்ந்திருக்கும் உடம்பிலும் எல்லாத் தசையும் முறுக்கேறியே நிற்கும். நம் ஊர்க் கிழவர்களையும் குழந்தைகளையும் அங்கே காண முடியாது.

கதிரவெளி என்ற பெயரை உலகம் கேட்டது 2006 நவம்பர் 8இல். இடம்பெயர்ந்து பாடசாலையில் தங்கியிருந்த மக்கள் மீது எறிகணைகள் விழுந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று இங்கிருந்த மனிதர் வெளியுலகுக்குப் போனது எண்ணிக்கையாக. இங்கே ஒரு பிள்ளை ஓர் ஆளின் முன்னால் இருந்து, அவருடைய தோளின் சரிவையும் முழங்காலின் வடுவையும் நேரம் எடுத்துப் பார்த்து வரைவதை நாம் பாடத்துக்கு வெளியேயான பொழுதுபோக்காக நினைக்காததற்கு இதுவும் காரணம்.

நாம் பெயர் சொன்ன நூல்கள் எல்லாம் ஆங்கில நூல்கள். படம் மொழி கேளாது என்பார்கள். நிக்கொலைடிசிடம் அது பொருந்தாது. அவருடைய பயிற்சி முழுவதும் வாக்கியங்களில் இருக்கிறது. சித்திர ஆசிரியர்கள் சேர்ந்து இந்தப் பயிற்சிமுறையை நம் ஆட்களையும் நம் வேலைகளையும் வைத்துத் தமிழில் எழுத வேண்டும். அதுவரை, அடுத்த இதழிலிருந்து நாலு பக்கங்களை இதற்கு ஒதுக்குகிறோம். முதற் பயிற்சி: தாளைப் பாராமல் வரைந்த ஒரு கை, ஒரு நிமிடத்தில் வரைந்த பத்து ஆட்கள், நினைவிலிருந்து வரைந்த ஒரு காட்சி. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை வேண்டாம். பின்பக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். கோணலாக இருந்தால் அழித்துத் திருத்தாமல் அப்படியே அனுப்புங்கள்.