பேர் இருக்கு, ஆனா இல்லை!



போன மாசம் எங்க அப்பத்தாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அப்பத்தா பெயர் 'பொ'வில் தொடங்கும். கணினியில் பெயரைத் தட்டித் தேடிய அண்ணன், "இந்தப் பேர்ல யாரும் இல்லையே பாட்டி" என்று சொல்லிவிட்டார். அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறி வந்தது வீணா? அப்பத்தா விடவில்லை. "நல்லாப் பாருப்பா, நான் இன்னும் சாகலையே" என்றார். பாவம், அந்த அண்ணன் பட்டியலை மேலிருந்து கீழே உருட்டி உருட்டிப் பார்த்தார். பெயர் இருந்தது! எழுத்துப் பிழைகூட இல்லை. கண்ணுக்குத் தெரிந்தது கணினிக்குத் தெரியவில்லை.

இது என்ன மாயம் என்று நம் கணினி மிஸ்ஸிடம் கேட்டேன். நாம் கையால் 'பொ' எழுதினால் முதலில் கொம்பு, அப்புறம் ப, கடைசியில் கால். இந்தத் தாளிலும் அப்படித்தான் எழுதுகிறேன். தட்டச்சு மெஷினிலும், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களிலும் அதே வரிசைதான். யூனிகோடில் 'ப' முதலில், குறி பிறகு. 'ஒ'கரக் குறிக்கென்று ஒரே எண் உண்டு. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனி எண்ணாகப் போட்டாலும் திரையில் அதே 'பொ'தான்! பழைய கோப்பை அரைகுறையாக மாற்றினால் இப்படிப் பிரிந்துபோகும். அங்கேயும் இதுதான் நடந்திருக்கும் என்றார் மிஸ்.

நம்ம ஊர்ப் பெயரையே பாருங்கள். புதுக்கோட்டை நமக்கு 6 எழுத்து. கணினிக்கு 12 எண். 'கோ'வைப் பிரித்துப் போட்டால் 13. லேபில் இரண்டு விதமாகவும் அடித்து, ஒரே ஃபோல்டரில் 'புதுக்கோட்டை' என்றே இரண்டு கோப்பு வைத்தோம். விண்டோஸ் ஒன்றும் சொல்லவில்லை!

இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்கிறது. தேடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் தலையில் கோடு போட்ட எழுத்துகளுக்கும் இதே தொல்லை, இதே மருந்துதான். பல மென்பொருள்கள் இதைச் செய்கின்றன, சில செய்வதில்லை. பட்டியல் தயாரிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. மக்களை அலைய விடுவது நியாயமே இல்லை.

ஆனால் இந்த மருந்துக்கும் அடங்காதவை உண்டு. கந்தர்வகோட்டையில் 'ர்'க்குப் பதில் காலைப் போட்டுப் புள்ளி வைத்தாலும் பார்க்க அப்படியே இருக்கும். ஔவையாரின் முதல் எழுத்தை 'ஒ', 'ள' என்று இரண்டாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள். இது நம் கையின் தப்பு. அடிப்பவர்தான் திருந்தணும்.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்துவிடலாமே என்று சிலர் கேட்கலாம். அப்படி ஒன்று இருக்கிறது, பெயர் டேஸ்-16. 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அதையும் ஏற்றது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் நம் வீட்டு செல்போனுக்கு அது புரியாதே! எனக்கென்னவோ யூனிகோடை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே போதும் என்று தோன்றுகிறது.

அடுத்த மாசம் அப்பத்தா மறுபடி போகணும். 'முதல் எழுத்தை விட்டுட்டு மீதியை மட்டும் அடிச்சுத் தேடுங்க அண்ணா' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சுருக்குப் பையில் வைத்திருக்கிறேன்.

– பதினோராம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு