ராஜா காது

ராஜபாளையம் நாய்க்கு ராஜா என்று பெயர் வைத்தது என் தப்பு. அதை அப்படியே நிஜம் என்று எடுத்துக்கொண்டு விட்டான். ‘ராஜா, வாடா கண்ணா!’ என்று கெஞ்சினாலும் சரி, ‘டேய்!’ என்று கத்தினாலும் சரி... துரை திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

“வேட்டை ஜாதி சார். ரோஷம் அதிகம். ஒரு ஆளுக்குத்தான் கட்டுப்படும்” என்றார் விற்றவர். அந்த ஒரு ஆள் நான் இல்லை என்பது மட்டும் புரிந்தது. மாமனாரும் கத்திப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டார்.

தீபாவளி வந்தது. தெருவில் பத்தாயிரம் வாலா. ஊர் நாயெல்லாம் கட்டிலுக்கடியில் ஒளிய, ராஜா வாசல்படியில் குறட்டை! “பாத்தியா வீரனை?” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மனைவி பதில் பேசாமல் உள்ளே போய்த் தாம்பாளத்தையும் கரண்டியையும் கொண்டுவந்து, அவன் தலைக்குப் பின்னால் நின்று ‘டங்’கென்று ஒரு தட்டு தட்டினாள். காது மடல் அசையவில்லை.

“ஏங்க, இது வீரமில்லீங்க. இவனுக்குக் காது கேக்கலை!”

மூன்று மாசமாக ஒரு செவிட்டுப் பிள்ளையைத் திட்டித் தீர்த்திருக்கிறோம். அன்றைக்கு எனக்கு அதிரசம் இறங்கவில்லை.

டாக்டர்தான் விளக்கினார். உள்காதிலும் நிறமி செல்கள் உண்டாம். அவை இல்லாவிட்டால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் செத்துவிடும். வெள்ளை வெளேர் நாய்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எல்லா வெள்ளைக்கும் வராது. ஆனால் ‘பால் வெள்ளை, ரோஸ் மூக்கு’ என்று சொல்லித்தான் என்னிடம் இரண்டாயிரம் கூடுதலாகக் கறந்தார்கள். பி.காம். படித்தவன், பேரம்கூடப் பேசவில்லை!

நீங்கள் வாங்கப்போகிறீர்களா? குட்டி வேறு பக்கம் பார்க்கும்போது, எட்ட நின்று கை தட்டுங்கள். பக்கத்தில் தட்டினால் காற்று பட்டுத் திரும்பும். தரையை உதைத்தால் அதிர்வில் திரும்பும். இரண்டையும் நம்பாதீர்கள். ஒரு காது மட்டும் செவிடென்றால் இதில் தெரியாது. அதற்கு மூளை அலையைப் பதிவு செய்யும் பரிசோதனை இருக்கிறது.

காதைவிட டாக்டர் அதிகம் பயமுறுத்தியது வயிற்றைப் பற்றி. ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். வயிறு பந்தாக உப்பும், வாந்தி எடுக்க முக்கும், நுரைதான் வரும். விடியட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தால் விடியும்போது நாய் இருக்காது. எங்கள் வீட்டில் ஒரே வேளை முட்டக் கொட்டிக்கொண்டிருந்தோம். இப்போது அதையே மூன்றாகப் பிரித்துப் போடுகிறோம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஓட்டமில்லை. (மாமனாருக்கும் இதே சட்டம் போட்டேன். எடுபடவில்லை.) வெறிநாய்த் தடுப்பூசியை வருஷம் தவறாமல் போடுகிறோம். உண்ணி பார்ப்பது மனைவி இலாகா. உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்துவிடுமாம், அதையும் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிடுவாள்.

கூப்பிடுவதற்கு? விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவேன், வந்துவிடுவான். தூங்கும்போது தொட மாட்டோம், தூக்கிவாரிப்போடும். மூக்கருகே கையை நீட்டினால் வாசனையிலேயே விழித்துக்கொள்வான்.

போன மாசம் விற்றவர் போன் செய்தார். “சார், உங்க ராஜாவைக் கொண்டாங்க. நல்ல பொட்டை ஒண்ணு இருக்கு, ஜோடி போடலாம். ரெண்டு குட்டி உங்களுக்கு.”

“அவனுக்குக் காது கேக்காது சார். குட்டிங்களுக்கும் வரும்.”

“வாங்கறவனுக்கா தெரியப்போவுது? உங்களுக்கே எத்தனை மாசம் கழிச்சுத் தெரிஞ்சுது?”

சுரீர் என்றது. போனை வைத்துவிட்டேன்.

மறுவாரமே கருத்தடை ஆபரேஷன். கொழுப்பில்லாத வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் மாதிரி மயக்க மருந்து கொடுத்தால் லேசில் தெளியாது என்பதால், டாக்டர் வேறு மருந்து கொடுத்தார். அப்படியும் வெளியே பெஞ்சில் எனக்குக் கை நடுங்கியது.

உள்ளே விட்டதும் அவன் மூக்கருகே கையை நீட்டினேன். கண் திறக்கவில்லை. வால் மட்டும் மேஜையில் ‘டப்... டப்’ என்று இரண்டு தடவை தட்டியது.