பால் காசு நாள் தவறலாமா?

பொழுது விடிந்தால் மயிலாப்பூரில் காபி மணக்கிறது. அந்தப் பால், இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் கிராமத்துக் குடும்பம் கறந்த பால்!

1970-ல் வெளிநாடுகள் பால் பவுடரை இனாமாகத் தந்தன. குரியன் தலைமையில் அதை விற்றுக் காசாக்கினார்கள். அந்தக் காசில் கூட்டுறவுப் பால் சங்கங்கள் வளர்ந்தன. முதலில் பால் கொண்டு போகத் தேர்ந்தெடுத்த 4 பெரு நகரங்களில் சென்னையும் ஒன்று. 1981-ல் தமிழ்நாட்டுக்குப் பால் கூட்டுறவு இணையம் பிறந்தது. அதுதான் ஆவின்.

உதவி வீண் போகவில்லை. இனாம் தீர்ந்தது, சங்கம் நிலைத்தது!

2023 டிசம்பரில் அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் இத்தகைய பணம் நாள் தவறாமல் கைக்கு வரவேண்டும். புண்ணாக்குக் கடைக்காரர் காத்திருப்பாரா? காசு தாமதித்தால் மாடு சந்தைக்குப் போகும். அப்புறம் நம் காபிக்குப் பால் ஏது?