முதலில் சுருதி, அப்புறம் கீ

கிளாரினெட் வாங்கப் போகிற பலர் கேட்கிற முதல் கேள்வி, "இதில் எத்தனை கீ?" என்பதுதான். ஸ்கூட்டர் வாங்கப் போய் "மைலேஜ் எவ்வளவு?" என்று கேட்பது மாதிரி. ஸ்கூட்டருக்கு அந்தக் கேள்வி சரி. வாத்தியத்துக்குச் சரியில்லை என்பது என் அபிப்பிராயம்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். கிண்டி தொழிற்பேட்டையில் டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன். இளவயதில் ஒரு பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதினேன். இன்றும் சாயங்காலத்தில் கொஞ்சம் ஊதுவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் பொறுமைசாலிகள்.

கீ அவசியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நாகஸ்வரத்தில் காற்றை அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் பேசும். அதனால் ஏழு விரல் துளை போதும். கிளாரினெட்டில் அப்படியில்லை. ஸ்தாயியைத் தாண்டி, மேல் பஞ்சமத்துக்குப் போய் நிற்கும். இடைவெளியை நிரப்ப இருக்கிற விரல்கள் போதாது, கீ வேண்டும். அதனால்தான் இன்று பரவலாகப் புழங்கும் போம் முறைக் கிளாரினெட்டில் 17 கீ, 6 வளையம். அதற்கு மேல் வருவதெல்லாம் விருப்பம்: இடது சுண்டுவிரலுக்கு ஒரு ஈ ஃபிளாட் லீவர், ஏழாவது வளையம், இன்னும் ஒரு அரை ஸ்வரம் கீழே போக நீட்டிய குழல். எல்லாம் சேர்ந்தால் 20 கீ, 7 வளையம். 'ஃபுல் போம்' என்பார்கள்.

இவற்றால் பிரயோஜனம் உண்டு. சில வரிசைகளில் சுண்டுவிரல் ஒரு கீயிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்க வேண்டியிருக்கும். அந்த லீவர் இருந்தால் வேண்டாம். ஆனால் சறுக்குவதைப் பழகிக்கொள்ளலாம். துளை தப்பான இடத்தில் இருந்தால் அதைப் பழக்கத்தால் நகர்த்த முடியாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஆயுசு முழுக்க அந்த ஸ்வரத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். கமகத்தில் ஓரளவு ஒளித்துவிடலாம். தம்புராவை வைத்துக்கொண்டு பஞ்சமத்தில் நின்றால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

போன வருஷம் எங்கள் தெருவில் ஒருவர் தன் பையனுக்குக் கிளாரினெட் வாங்க என்னிடம் யோசனை கேட்டார். லேத் ஓட்டுகிறவர், சீட்டு எடுத்த பணம். பையன் பள்ளிக்கூட பேண்டிலும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டோடும் வாசிக்கிறான். ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு கிடைத்தன. ஒன்று, புதிய சாதாரண 17 கீ. மற்றொன்று பழைய சீமை வாத்தியம், 20 கீ, கறுப்பு மரம், பார்க்க ராஜா மாதிரி. "மாமா, இதுல மூணு கீ கூட இருக்கு" என்றான் பையன். அவன் கண்ணில் அதுதான் நின்றது.

பழையதை ஊதச் சொல்லி செல்போன் டியூனரில் பார்த்தேன். கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி தூக்கலாகக் காட்டியது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் பேண்டு வாத்தியங்கள் பல 'ஹை பிட்ச்' என்ற உயர்ந்த சுருதியில் செய்யப்பட்டவை. அதில் 'ஏ' ஸ்வரம் ஏறக்குறைய 452. இன்றைய வழக்கம் 440. "பேரலை வெளியே இழுத்தால் இறங்காதா?" என்று கேட்டார் அப்பா. இறங்கும், ஆனால் சமமாக இறங்காது. குழலின் மேல்பக்கத்துத் துளைகளில் பேசும் ஸ்வரங்கள் நிறைய இறங்கும், அடிப்பக்கத்து ஸ்வரங்கள் கொஞ்சம்தான். மொத்தமும் கோணலாகிவிடும். சாதாரண 17 கீதான் வீட்டுக்கு வந்தது. பையனுக்கு ஒரு வாரம் முகம் தொங்கிப்போயிருந்தது.

டூல் ரூம்காரனாக இன்னொன்றும் சொல்வேன். ஒவ்வொரு கீயும் ஒரு ஸ்பிரிங், ஒரு பேடு, ஒரு திருகு. நம் ஊர்ப் புழுக்கத்தில் பேடு ஊறும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். ஒரு பேடு சரியாக மூடாவிட்டாலும் அதற்குக் கீழே உள்ள ஸ்வரமெல்லாம் கெடும். நீட்டிய குழலின் பாரமும் வலது கட்டைவிரல் தலையில்தான். ஒரு விதிவிலக்கு உண்டு. சில உயர்ரக வாத்தியங்களில் தாழ்வாகப் பேசும் அடி ஸ்வரத்தைத் தூக்கிவிட ஒரு திருத்த கீ வைக்கிறார்கள். அது சுருதிக்காகவே வந்த கீ. வசதியிருந்தால் தாராளமாக வாங்கலாம்.

நம் பெரியவர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். பழைய திமிரி நாயனத்தில் சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசாது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் அதற்கு ஒரு கீயைப் பொருத்தவில்லை. குழலையே நீட்டிப் பாரி நாயனமாக மாற்றினார்கள், மத்யமம் பேசியது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கிளாரினெட்டும் நமக்கு அந்நியமில்லை. சதிருக்குப் பக்கவாத்தியமாக வந்து, கல்யாண பேண்டில் நடந்து, ஏ.கே.சி. நடராஜன் கையில் கச்சேரி மேடை ஏறியது. 2008-இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி கொடுத்தது. அவர் கச்சேரியில் நாம் கேட்டது ராகத்தை. கீயை எண்ணிக்கொண்டு யாரும் உட்காரவில்லை.

பேரனுக்கோ பேத்திக்கோ வாங்கப் போகிறவர்கள் இவ்வளவு செய்யுங்கள். பத்து நிமிஷம் ஊதி வாத்தியம் சூடேறட்டும். குளிர்ந்த குழல் சுருதி இறங்கித்தான் பேசும். டியூனரை ஊதுகிறவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் உதடு தானாகவே திருத்திவிடும். நீங்கள் பாருங்கள். கீழே ஒரு ஸ்வரம், விரலை மாற்றாமல் ரிஜிஸ்டர் கீயை மட்டும் அழுத்தி அதன் மேல் ஸ்வரம் என்று ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். இரண்டும் ஒத்துப்போகிற வாத்தியத்தை எடுங்கள்.

சுருதி மாதா, லயம் பிதா என்று சும்மாவா சொன்னார்கள்? அந்தப் பட்டியலில் கீக்கு இடமே இல்லை.