தீர்த்தமா? கணக்கா?

ஒரு துளி கங்கை ஜலம் விட்டால் கிணறு முழுவதும் புண்ணிய தீர்த்தமாகிவிடும் என்கிறார்கள். அதே கிணற்றில், தாழ்ந்த ஜாதி என்று இவர்களால் ஒதுக்கப்பட்ட ஒருவர் குடத்தை இறக்கினால் கிணறு முழுவதும் தீட்டாகிவிடும் என்கிறார்கள். புண்ணியத்திற்கும் அளவில்லை, தீட்டுக்கும் அளவில்லை! இவ்விரண்டும் ஒரே கடைச் சரக்கு என்பதை நம் மக்கள் அறிய வேண்டாமா?

1927-ம் வருஷம் மார்ச்சு 20-ந் தேதி பம்பாய் மாகாணத்து மஹத் நகரில் டாக்டர் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவதார் குளத்து நீரைக் குடித்தார்கள். உடனே வைதிகர்கள் 'சுத்தி' செய்யப் புறப்பட்டு, சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களை மந்திரம் சொல்லிக் குளத்தில் விட்டார்கள். மனிதன் கைபட்டுக் கெட்ட நீர் சாணம் பட்டுச் சுத்தமாயிற்றாம்! அந்தக் குளத்து நீரை எடுக்கும் உரிமையைப் பம்பாய் ஹைக்கோர்ட்டு 1937-ல் உறுதி செய்தது.

அப்படியானால் நீரைச் சுத்தம் செய்ய வழியே இல்லையா? உண்டு. மந்திரம் வேண்டியதில்லை, பெருக்கலும் வகுத்தலும் போதும். மூலக் கரைசலின் வலிவை அதன் அளவால் பெருக்குங்கள். கலந்த பிறகுள்ள வலிவையும் மொத்த அளவால் பெருக்குங்கள். இரண்டு தொகையும் ஒன்றே. நீர் கூடினால் மருந்து பரவுமேயன்றிப் பெருகாது.

புதிய பிளீச்சிங் பவுடரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின் உண்டு. அதில் 30 கிராம் எடுத்துக் குழைத்து, 1 லிட்டர் நீராக்கினால், 10 கிராம் குளோரின் கொண்ட 100-க்கு 1 பங்கு மூலக் கரைசல் ஆகும். சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேல் தெளிவையே எடுக்க வேண்டும்.

கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்றால், உள்ள நீர் 9,420 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமானால் மொத்தம் 18,840 மில்லிகிராம். அதாவது மூலக் கரைசல் சற்றேறக்குறைய 1.9 லிட்டர். கலங்கல் நீருக்கு இது போதாது. ஆகவே 1 மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கிறதா என்று சோதித்தே குடிக்க வேண்டும். தன் மருந்தையே சந்தேகித்துச் சோதிப்பதுதான் விஞ்ஞானம்! எந்தப் புரோகிதராவது தம் தீர்த்தத்தை இப்படிச் சோதித்ததுண்டா?

20 துளி 1 மில்லிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், அக்கிணற்றில் விட்ட கங்கைத் துளி ஏறத்தாழ 19 கோடித் துளிகளில் ஒன்று. அது எதைச் சுத்தமாக்கும்?

காலராக் கிருமி யாரிடமும் ஜாதி கேட்பதில்லை. குளோரினும் கேட்பதில்லை. இக்கணக்கும் ஊர்க் கிணற்றுக்கு ஒன்று, சேரிக் கிணற்றுக்கு ஒன்று என்று இரு விடை தருவதில்லை. ஆகவே, இனி எவராவது சுத்தம் என்றும் தீட்டு என்றும் பேச வந்தால், "அளவு எவ்வளவு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவர் கிணற்றைவிட்டு விலகி நிற்கட்டும். தாகமுள்ளவர் முன்னே வரட்டும்!