தவணையும் தாளும்

நான் வங்கிக் குமாஸ்தா. கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறினால் அபராதம் போடுவேன். அதுவரை கட்டியதை அழிக்க மாட்டேன். அழித்தால் அதற்குப் பேர் திருட்டு.

இங்கிலாந்தில் அதற்குப் பேர் சட்டம். இடைவெளியில்லாமல் 10 வருஷம் விசாவோடு வாழ்ந்தவருக்கே நிரந்தரக் குடியிருப்பு என்றார்கள். புதுப்பிக்கப் பிந்தினால் 28 நாள்வரை பொறுத்தவர்கள், 2016 நவம்பரில் 14 நாளாகச் சுருக்கினார்கள். தக்க காரணமும் காட்டணும். பதினைந்தாம் நாள் போய் நின்றால் ஒன்பது வருஷமும் பூஜ்யம்.

விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் 14 வருஷம் வாழ்ந்தவருக்கு ஒரு வழி இருந்தது. 2012 ஜூலையில் அதையும் அடைத்து, 20 வருஷம் என்றார்கள். அதற்கும் கிடைத்தது 30 மாத அனுமதிதான்.

தோழர்களே, கணக்குத் தெரியாமலா செய்கிறார்கள்? அந்த ஒன்பது வருஷத்தில் அவர் கழுவிய தட்டு கழுவாததாகிடுமா? கட்டிய வரி திரும்பி வருமா? உழைப்பை வரவு வைத்துக்கொண்டு வாழ்வை மட்டும் அடித்துவிடுகிறார்கள். தாளைத் தேடுகிறவன் கண்ணுக்கு ஆள் தெரிவதே இல்லை.