லெசோதோவில் ஒரு வருடம், நைஜரில் ஒரு வருடம்

பெறுநர்:
மனித மேம்பாட்டு அறிக்கை அலுவலகம்,
ஐ.நா. வளர்ச்சித் திட்டம், நியூயார்க்.



1990-இல் மஹ்பூப் உல் ஹக் தொடங்கிவைத்த உங்கள் அறிக்கையில் நாங்கள் முதலில் புரட்டுவது கடைசிப் பக்கங்களைத்தான். ஒரு நாட்டைப் பற்றி எழுத உட்காரும் பத்திரிகைக்காரனுக்கு அந்த அட்டவணைகள்தான் கைகொடுக்கும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

25 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் சராசரியாக எத்தனை வருடம் படித்தார்கள் என்று பெண்ணுக்கும் ஆணுக்கும் தனித்தனியே கணக்குத் தருகிறீர்கள். லெசோதோவையும் நைஜரையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் வித்தியாசம் ஏறத்தாழ ஒரு வருடம். லெசோதோவில் முன்னால் நிற்பவள் பெண், நைஜரில் ஆண். நைஜரின் மொத்தச் சராசரியே இரண்டு வருடத்தைத் தாண்டத் திணறுகிறது என்பது வேறு.

நம் ஊர் வாத்தியார், படிக்காத பையனை "மாடு மேய்க்கப் போடா" என்று திட்டுவார். லெசோதோவில் பையன் மாடு மேய்க்கப் போனதால்தான் படிக்கவில்லை. அப்பா தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் இருப்பார். 1980-களில் அப்படிப் போன ஆண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். சுரங்கக் கூலி ஊரில் மாடாகவும் ஆடாகவும் மாறும். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே? சின்னஞ்சிறு பையன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையில் கம்போடு மலைப்பட்டிக்கு ஏறிவிடுவான். பனி கொட்டும் மலை அது. அவன் அக்காளும் தங்கையும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். அப்படிப் படித்த பெண்ணும் கல்யாணமாகிவிட்டால் சட்டத்தின் கண்ணில் மைனர்தான். 2006-இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. அவள் ஒரு வருடம் கூடுதலாகப் படித்தது உங்கள் அட்டவணையில் இருந்தது, கணவன் சம்மதமில்லாமல் அவளால் கடன் வாங்க முடியாமலிருந்தது என்பது அதில் இல்லை.

நைஜரில் ஆரம்பப் பள்ளி கிராமத்திலேயே இருந்தாலும் அடுத்த பள்ளி பெரும்பாலும் வேறு ஊரில். பெண்ணை அங்கே யார் வீட்டில் தங்கவைப்பது என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். நான்கில் மூன்று பெண்களுக்குப் 18 வயதுக்குள் கல்யாணம். பெரும்பாலான வீடுகளில் பேசுவது ஹவுசா அல்லது ஸர்மா, பாடம் பெரும்பாலும் பிரெஞ்சில்.

உங்கள் சராசரியை வைத்துத்தான் பலரும் 2040, 2050 வரை கோடு இழுத்துக் கணிக்கிறார்கள். என் குறை அங்கேதான். இந்த 2026-இல் ஆறு வயதில் ஒன்றாம் வகுப்பில் சேரும் சிறுமி 2045-இல்தான் உங்கள் கணக்கில் ஏறுவாள். லெசோதோ 2000-இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து படிப்படியாக இலவச ஆரம்பக் கல்வியைக் கொண்டுவந்தது. அன்று ஆறு வயதில் சேர்ந்தவர்களுக்கு 25 வயதானது 2019-இல். மலைப்பட்டியில் இருந்த தாத்தாக்கள் இன்னும் அந்தச் சராசரிக்குள்தான் இருக்கிறார்கள்.

நைஜரின் சங்கதி இன்னும் சிக்கல். யாருமே பள்ளிக்குப் போகாத ஊரில் இடைவெளி பூஜ்யம். பள்ளி வந்ததும் முதலில் பையன் போவான், இடைவெளி விரியும். பிறகு தங்கை போவாள், அது சுருங்கும். மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் 15 வயதுக்குக் கீழே இருக்கும் நாடு அது. அவர்கள் 25 வயதை எட்டும்போது இடைவெளி கூடினால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம். பையன்களும் படிப்பை விட்டுவிட்டதால் குறைந்தால், அதைக் கொண்டாடித் தலைப்புப் போட எங்கள் தொழிலில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான்.

இந்தப் படிப்புக் கணக்கும் சேரும் பாலின மேம்பாட்டுக் குறியீட்டில் நாடுகளை ஐந்து குழுக்களாகப் பிரிக்கும்போது, சமநிலையிலிருந்து எவ்வளவு விலகல் என்று மட்டும் பார்க்கிறீர்கள். எந்தப் பக்கம் விலகல் என்பது குழுவின் எண்ணில் தெரிவதில்லை. சுரங்கத்தையும் மாட்டுப்பட்டியையும் பற்றி யோசிக்கவேண்டிய அரசும், சிறுவயதுக் கல்யாணத்தைத் தடுக்கவேண்டிய அரசும் ஒரே குழு எண்ணை வாங்கிக்கொண்டு போகலாம்.

அடுத்த அறிக்கையில், குழு எண்ணுக்குப் பக்கத்தில் விலகல் எந்தப் பக்கம் என்று ஒரு குறி போடுங்கள். 25 முதல் 34 வயது வரையுள்ளவர்களின் சராசரியைப் பெண், ஆண் எனத் தனித்தனியே இரண்டு பத்திகளில் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அட்டவணைகளை நம்பிப் பிழைக்கும் ஒரு பத்திரிகையாளன்